தேதியை முதலில் வாங்கிவிடு, கண்ணு

தர்மபுரி
ஜனவரி 27

அன்புள்ள கண்ணு,

உன் டிஃபென்ஸைப் பற்றி, அதாவது தீசிஸுக்கான வாய்மொழித் தேர்வைப் பற்றி, ஞாயிற்றுக்கிழமை நீ ஃபோனில் சொன்னது மனசில் ஓடிக்கொண்டே இருக்கிறது. "தீசிஸ் முழுசா முடியட்டும்மா, அப்புறம் டிஃபென்ஸ் தேதியைப் பாத்துக்கலாம். ஏப்ரல்ல முடியலைன்னா சம்மர்ல வெச்சுக்கறேன்" என்றாய். அதை அப்படியே விட எனக்கு மனம் வரவில்லை. ஃபோனில் பேசினால் பாதியில் வேறு பேச்சு வந்துவிடும், அதனால் எழுதுகிறேன். நீ அனுப்பிய துறைக் கையேட்டையும் ஃப்ளூரைடு நீக்கும் வடிகட்டி பற்றிய உன் மூன்று அத்தியாயங்களையும் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

எழுதி முடித்த பிறகு தேதி என்பது நம் ஊர் வழக்கம். எங்கள் கல்லூரியில் எம்.ஃபில். இருந்த காலத்தில் மாணவர்கள் ஆய்வேட்டைப் பல்கலைக்கழகத்தில் சமர்ப்பித்துவிட்டுக் காத்திருப்பார்கள். வெளித்தேர்வாளரின் அறிக்கை வந்து, வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்கு நாள் குறித்துக் கடிதம் வரும்வரை அவர்களுக்கு அதில் வேலையே இருக்காது. நெறியாளரும் அலுவலகமும் பார்த்துக்கொள்வார்கள். நீ இருக்கும் அமெரிக்காவில் அந்த ஏற்பாடு முழுக்க மாணவரின் தலையில். கமிட்டியில், அதாவது தேர்வுக் குழுவில், இருக்கும் மூன்று பேராசிரியர்களுக்கும் ஒரே நாளில் ஒரே இரண்டு மணி நேரம் ஓய்வாக இருக்க வேண்டும். அறை கிடைக்க வேண்டும். கிராஜுவேட் ஸ்கூலுக்கு முன்கூட்டியே படிவம் போக வேண்டும். நீ எவ்வளவு நன்றாக எழுதினாலும் இவற்றில் ஒன்றும் தானாக நடக்காது.

பின்னாலிருந்து எண்ணிப் பார். திருத்திய இறுதிப் பிரதியை ஏற்ற வேண்டிய கடைசி நாள் ஏப்ரல் 24 என்று சொன்னாய். கமிட்டி திருத்தம் சொல்லாமல் விடாது. அதற்கும் பக்க ஓரம், எண் என்று பார்க்கும் வடிவச் சரிபார்ப்புக்கும் இரண்டு வாரம் வை. ஆக டிஃபென்ஸ் ஏப்ரல் 10-க்குள் நடந்தாக வேண்டும். கமிட்டியின் கையில் தீசிஸ் இரண்டு வாரம் முன்பே இருக்க வேண்டும் என்று உங்கள் கையேடு சொல்கிறது. அது மார்ச் 27. அதற்கு முன் உன் நெறியாளரான அட்வைசர் முழுசாகப் படித்து, அவர் சொன்னதை நீ சரிசெய்ய வேண்டும். நடுவில் மார்ச் மாதத்து ஸ்பிரிங் பிரேக் வேறு வருகிறது, அந்த வாரம் பலர் ஊரில் இருக்க மாட்டார்கள். அப்படியானால் முழு டிராஃப்ட் மார்ச் முதல் வாரத்தில் அவரிடம் போக வேண்டும். ஜனவரி முடியப் போகிறது, கண்ணு. ஏப்ரல் முதல் இரண்டு வாரத்தில் உன்னோடு படிக்கும் அத்தனை பேரும் இதே பேராசிரியர்களிடமும் இதே அறைக்கும்தான் போய் நிற்பார்கள்.

சம்மர் என்று நீ லேசாகச் சொன்னதுதான் எனக்கு அதிகக் கவலை. அங்கே பேராசிரியர்களில் பலருக்கு ஒன்பது மாதச் சம்பளம்தான். மே பாதியில் செமஸ்டர் முடிந்தால் களப்பணிக்கோ சொந்த ஊருக்கோ போய்விடுவார்கள், அவர்களைக் கூட்டுவது இதைவிடக் கஷ்டம். டிஃபென்ஸ் நடக்கும் பருவத்தில் நீ பதிவு செய்த மாணவியாக இருக்க வேண்டும் என்று உங்கள் கையேட்டில் இருக்கிறது. அதற்குக் கட்டணம் கட்ட வேண்டும், உதவித்தொகையோ மே மாதத்தோடு முடிகிறது. படித்து முடித்தபின் அங்கே வேலை பார்க்க அனுமதி தரும் ஓபிடியின் கணக்கும் உன் படிப்பு முடியும் தேதியை வைத்துத்தான். அந்தத் தேதிக்கு 90 நாள் முன்பிருந்து 60 நாள் பின்புவரை விண்ணப்பிக்கலாம். சர்வதேச மாணவர் அலுவலகம் பரிந்துரையைப் பதிவு செய்த 30 நாளுக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். தேதி நகர்ந்தால் இவை எல்லாம் நகரும். டிஃபென்ஸ் தள்ளிப்போனால் என்ன ஆகும் என்று அந்த அலுவலகத்தில் இப்போதே நேரில் கேட்டுவிடு. நண்பர்கள் சொல்வதை வைத்து முடிவு செய்யாதே.

சரி, எப்படிக் கேட்பது? முதலில் அட்வைசரிடம் தனியாகப் பேசு. "ஏப்ரல் 6 முதல் 10 வரை ஒரு நாளில் வைத்துக்கொள்ள நினைக்கிறேன், முழு டிராஃப்டை மார்ச் முதல் வாரம் தருகிறேன்" என்று சொல். அவர் தலையாட்டிய பிறகு மற்ற இருவருக்கும் எழுது. "உங்களுக்கு எப்போது வசதி?" என்று மொட்டையாகக் கேட்டால் பதில் வராது. அந்த வாரத்தில் ஏழெட்டு இரண்டு மணி நேரத் துண்டுகளைப் போட்டு, முடிந்ததை டிக் செய்யச் சொல்லி ஒரு டூடுல் வாக்கெடுப்பு அனுப்பு. எந்த நாளுக்குள் பதில் வேண்டும் என்பதையும் எழுது. ஒத்துவந்த நேரத்துக்கு அன்றைக்கே அறையைப் பதிவு செய்து, மூவரின் காலண்டருக்கும் அழைப்பு அனுப்பிவிடு. வெளியூரில் இருக்கும் மூன்றாமவர் ஜூமில் வரலாமா, அதற்குத் தனி அனுமதி வேண்டுமா என்பதை மெயில் போடும் முன்பே துறை அலுவலகத்தில் கேட்டு வைத்துக்கொள்.

பதில் வராவிட்டால் நாலைந்து நாளில் இன்னொரு மெயில் போடு. பெரியவர்களை எப்படித் திரும்பத் திரும்பத் தொந்தரவு செய்வது என்று நீ தயங்குவாய், உன்னை எனக்குத் தெரியும். இத்தனை வருஷம் ஆசிரியராக இருந்தவள் சொல்கிறேன், நினைவூட்டும் மாணவரிடம் எங்களுக்குக் கோபம் வராது. நூறு மெயிலுக்கு நடுவில் எது அவசரம் என்று எடுத்துக் காட்டுவதால் நன்றியாகத்தான் இருக்கும்.

இப்போது உன் வேலைக்கு வருகிறேன். வேதியியல் டீச்சர் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டு படி.

உன் பேச்சைக் கேட்க வருகிறவர்களுக்கு ஃப்ளூரைடு என்றதும் பற்பசையும் உறுதியான பல்லும்தான் ஞாபகம் வரும். உலகத்திலேயே முதலில், 1945-ல், குடிநீரில் ஃப்ளூரைடு கலக்கத் தொடங்கியது அவர்கள் நாட்டின் மிச்சிகன் மாநிலத்து கிராண்ட் ராபிட்ஸ் நகரம். இன்றும் அங்கே கலக்கும் ஊர்களுக்கு லிட்டருக்கு 0.7 மில்லிகிராம் என்று பரிந்துரை இருக்கிறது. நம் பக்கம் பாறையிலிருந்தே அது நிலத்தடி நீரில் கூடுதலாகக் கரைந்து வருகிறது, பென்னாகரம் பக்கத்துக் கிராமங்களில் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை ஏறுகிறது, அதை எடுக்கத்தான் நாம் பாடுபடுகிறோம் என்பதை முதல் இரண்டு நிமிஷத்திலேயே சொல்லிவிடு. அது புரியாமல் உன் வரைபடங்களைப் பார்த்தால் அவர்களுக்கு ஒன்றும் பிடிபடாது.

அடுத்தது அளவு. பல இடங்களில் "பாதுகாப்பான அளவு" என்று மட்டும் எழுதியிருக்கிறாய். எந்த அளவு? உலக சுகாதார நிறுவனம் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்கிறது. நம் நாட்டின் குடிநீர்த் தரமான ஐஎஸ் 10500-ல் 1.0, வேறு நீர் ஆதாரம் இல்லாவிட்டால் 1.5 வரை. அமெரிக்காவின் சட்டப்படியான உச்சவரம்பு 4.0. உன் வடிகட்டியிலிருந்து 1.3 வருகிறது என்றால் அது வெற்றியா என்பது நீ எந்தக் கோட்டை வைத்துப் பேசுகிறாய் என்பதைப் பொறுத்தது. ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஏன் அது என்று ஒரு வரியில் சொல்லிவிடு.

அப்புறம் தண்ணீரின் அமில-காரத் தன்மை, அதாவது பிஹெச். உன் சோதனைகளில் முக்கால்வாசி பிஹெச் 6-ல் செய்தவை. உன் வடிகட்டியில் இருக்கும் ஆக்டிவேட்டட் அலுமினா ஃப்ளூரைடை நன்றாக உறிஞ்சுவது 5.5-க்கும் 6-க்கும் இடையில்தான், அதில் தப்பில்லை. ஆனால் நம் போர்வெல் தண்ணீரின் பிஹெச் நீயே எழுதியிருக்கிறபடி 7.8, பைகார்பனேட்டும் நிறைய. அங்கே ஹைட்ராக்சைடும் பைகார்பனேட்டும் அலுமினாவின் மேற்பரப்பில் இடத்துக்குப் போட்டி போடும், உறிஞ்சும் அளவு இறங்கும். கிராமத்து வீட்டில் தினமும் அமிலம் அளந்து ஊற்ற யாரால் முடியும்? உன் தீசிஸில் இது பலவீனமான இடம். அதே சமயம் சொல்லத் தகுந்த விஷயமும் இங்கேதான் இருக்கிறது, ஏனென்றால் நம் ஊர்த் தண்ணீரின் கலவையை ஆய்வகத்தில் தயாரித்து 7.8-லும் ஓட்டிப் பார்த்தவள் நீ. அந்த முடிவைப் பின்னிணைப்பில் ஒளித்து வைத்திருக்கிறாய். அதை நடுவில் கொண்டுவந்து தனி ஸ்லைடாகப் போடு. உறிஞ்சும் அளவு குறைந்ததைக் குறைந்தது என்றே சொல்.

ஃப்ளூரைடை எலக்ட்ரோடால் அளந்த விதத்தையும் யாராவது கேட்பார்கள். அலுமினாவிலிருந்து கொஞ்சம் அலுமினியம் கரைந்தால் அது ஃப்ளூரைடைப் பிடித்துக்கொள்ளும், எலக்ட்ரோடுக்கோ எதோடும் பிணையாத ஃப்ளூரைடு மட்டும்தான் தெரியும். அந்தப் பிணைப்பை உடைக்கும் டிசாப் கரைசலைச் சேர்க்காமல் அளந்தால் மீதி குறைவாகக் காட்டி, நீக்கம் அதிகம் போலத் தோன்றும். நீ சேர்த்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். செய்முறைப் பகுதியில் எந்த டிசாப், என்ன விகிதம் என்று எழுது, இப்போது அது இல்லை.

உறிஞ்சும் அளவைக் கணக்கிடும் லாங்மூயர் சமன்பாடு பொருந்துகிறது என்பதோடு நிறுத்தாதே. மேற்பரப்பில் எல்லா இடமும் ஒரே மாதிரி, ஒரே ஓர் அடுக்கு என்பது அவருடைய அனுமானம். அலுமினாவின் மேற்பரப்பு அவ்வளவு சீரானது இல்லை. பொருந்துவதாலேயே அனுமானம் உண்மை ஆகிவிடாது என்று நீயே சொல்லிவிட்டால் கேட்க வந்தவருக்குக் கேள்வி இருக்காது. உறிஞ்சும் வேகத்தைக் காட்டும் வரைபடமும் அப்படித்தான். நேரத்தை உறிஞ்சிய அளவால் வகுத்து, அதை நேரத்துக்கு எதிராகவே வரைந்தால் இரண்டு அச்சிலும் நேரம் இருக்கிறது, கோடு கிட்டத்தட்ட நேராகத்தான் வரும். பொருத்தம் 0.99 என்று பெருமையாகப் போட்டிருக்கிறாயே, அதை நம்பி வாதாடாதே.

நம் ஊரைத் தெரிந்த ஒருவர் அங்கே இருந்தால் இன்னொன்றும் கேட்பார்: 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து காவிரித் தண்ணீர் குழாயில் வருகிறதே, உன் வடிகட்டி எதற்கு? குழாய்த் தண்ணீர் போதாத நாளில் ஜனங்கள் மறுபடி போர்வெல்லுக்குத்தான் போகிறார்கள் என்பது நீ கண்ணால் பார்த்தது. அதைச் சொல். உறிஞ்சித் தீர்ந்த அலுமினாவைக் காஸ்டிக் சோடாவால் கழுவினால் வரும் ஃப்ளூரைடு நிறைந்த கழிவை எங்கே கொட்டுவாய் என்று கேட்டால் உன்னிடம் இன்னும் முழுப் பதில் இல்லை. பரவாயில்லை. முழுப் பதில் இல்லை என்பதை எப்படிச் சொல்வது என்று மட்டும் பழகிக்கொள்.

வைவா அறைகளில் நான் பார்த்தது இது. தெரியாததை மழுப்புகிற மாணவரைத் தேர்வாளர் விடாமல் பிடிப்பார், அடுத்த அரை மணி அதிலேயே போய்விடும். ஒருமுறை ஒரு மாணவி, "அதை நான் அளக்கவில்லை சார். அளந்திருந்தால் இந்த முறையில் அளந்திருப்பேன், இன்ன காரணத்தால் குறைவாக வரும் என்று எதிர்பார்க்கிறேன்" என்று நிதானமாகச் சொன்னாள். அவர் பேனாவை மூடிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். உன் கழிவுக் கேள்விக்கு அந்த மாதிரிப் பதிலை எழுதி, வாய்விட்டுச் சொல்லிப் பார்.

நீ பதற்றத்தில் வேகமாகப் பேசுவாய். 40 நிமிஷம் கொடுத்தால் 35-க்குத் தயார் செய். உன் லேபில் இருப்பவர்கள் முன்னால் மட்டும் பேசிப் பார்க்காதே, வேறு துறைத் தோழி ஒருத்தியையும் உட்காரவை. அவள் எங்கே முகம் சுளிக்கிறாளோ அங்கே ஸ்லைடை மாற்று. அங்கே டிஃபென்ஸ்களின் பேச்சுப் பகுதி பொதுவாக எல்லோருக்கும் திறந்ததுதானே. பிப்ரவரியில் இரண்டு மூன்று பேருடையதைப் போய்க் கேள், கேள்விகளைக் குறித்துக்கொள், குறிப்பாக உன் கமிட்டியில் இருப்பவர்கள் எப்படிக் கேட்கிறார்கள் என்று.

கேள்விகள் முடிந்ததும் உன்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு அவர்கள் பேசுவார்கள். திருத்தங்களோடு தேர்ச்சி என்று வந்தால் முகம் வாடாதே. பலருக்கும் வருவது அதுதான். அறையில் ஒரு சிநேகிதியிடம் நோட்டைக் கொடுத்து எல்லாக் கேள்விகளையும் எழுதிக்கொள்ளச் சொல், அந்த நேரத்தில் உனக்கு ஒன்றும் நினைவில் நிற்காது. இதைக் கட்டுரையாக அனுப்பும் எண்ணம் இருந்தால், தீசிஸை உடனே பொதுவில் போடலாமா, கொஞ்ச காலம் நிறுத்திவைக்கலாமா என்று அட்வைசரிடம் முன்பே கேள்.

டீ, பிஸ்கட், சாப்பாடு என்று நம் ஊர் வைவா மாதிரி எதுவும் ஏற்பாடு செய்ய வேண்டாம். கமிட்டி அதை எதிர்பார்க்கக் கூடாது, நீயும் அன்றைக்குச் சமையலில் நிற்கக் கூடாது.

நாங்களும் ஜூமில் பார்க்கலாமா என்று அட்வைசரிடம் கேட்டுச் சொல். மார்ச் இரண்டாவது ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளிவிடுவார்கள், அதனால் ஏப்ரலில் உனக்குக் காலை 10 மணி என்றால் எங்களுக்கு இரவு 8.30. அப்பா கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார், ஆயாவும் பார்க்க வேண்டும் என்கிறாள். காலை நேரமாகவே வாங்கப் பார், ஆனால் எங்களுக்காக ஒரு நல்ல தேதியை விட்டுவிடாதே.

நாளைக் காலையே அட்வைசருக்கு எழுது. அவர் சொன்ன பதிலை எனக்கு வாட்ஸ்அப்பில் போடு. நான்காவது அத்தியாயம் எந்த நிலையில் இருந்தாலும் அனுப்பு, நான் படிக்கிறேன்.

அன்புடன்,
அம்மா