ஹார்ப்பை முகப்போடு நிறுத்திவிடாதீர்கள்

காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டை வட்டாரத்துப் பெரிய வீடுகளில் மாலை இசை நிகழ்ச்சி நடத்துகிறவர்களுக்கும், அவ்வீடுகளை விடுதியாக வைத்திருப்பவர்களுக்கும்,

வணக்கம்.

விருந்தினர் வண்டியை விட்டு இறங்குகிறார்கள். முகப்பில் பன்னீர், சந்தனம், கல்கண்டு. தூணுக்குப் பின்னால் மறைத்து வைத்த ஸ்பீக்கரில் ஹார்ப் என்ற மேல்நாட்டுத் தந்தி வாத்தியம் ஓடிக்கொண்டிருக்கிறது. மேலிருந்து கீழே ஒரு இழுப்பு, கீழிருந்து மேலே ஒரு இழுப்பு, நடுவில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு மெட்டு. ஊதுபத்தி மூக்குக்குச் செய்யும் வேலையை அது காதுக்குச் செய்கிறது. வளவுக்குள், அதாவது வீட்டின் நடுவிலுள்ள திறந்த முற்றத்துக்குள், அதற்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை.

நாங்கள் கேட்பது ஒரு மாலை, 70 நிமிடம். ஜாஸ் ஹார்ப் பதிவுகளைக் கேட்பதற்கென்றே கூடும் ஒரு மாலை. வாசிக்க ஆள் வரவழைக்க வேண்டாம். நல்ல ஸ்பீக்கர் இரண்டும் ஜமுக்காளமும் போதும்.

ஜாஸ் என்றால் சாக்ஸபோன், டிரம்பெட், பியானோ. ஹார்ப்புக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். கேள்வி நியாயமானதே. அந்த வாத்தியத்தின் அமைப்பே ஜாஸுக்கு எதிரானது. அதனால்தான் அதில் ஜாஸ் வாசித்தவர்களைக் கவனித்துக் கேட்க வேண்டியிருக்கிறது.

கச்சேரிக்கான பெடல் ஹார்ப்பில் 47 தந்திகள். பியானோவின் வெள்ளைக் கட்டைகள் மட்டும் இருக்கின்றன, கறுப்புக் கட்டைகள் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கறுப்பு வேண்டுமானால் காலைத்தான் கேட்க வேண்டும். அடியில் ஏழு பெடல்கள், சுரத்துக்கு ஒன்று. இடது காலுக்கு டி, சி, பி. வலது காலுக்கு ஈ, எஃப், ஜி, ஏ. மேலே விட்டால் ஃபிளாட் (அரைச் சுரம் தாழ்வு), நடுவில் நிறுத்தினால் நேச்சுரல் (இயல்பான சுரம்), கீழே அழுத்தினால் ஷார்ப் (அரைச் சுரம் உயர்வு). ஒரு பெடலை நகர்த்தினால் அந்தப் பெயருள்ள தந்திகள் எல்லா ஸ்தாயியிலும் ஒருசேர மாறும். இந்த இரட்டை இயக்க முறைக்கு செபாஸ்டியன் எரார் 1810இல் காப்புரிமை பெற்றார். அடிப்படை இன்றும் அதுதான்.

நம் காதுக்குப் புரியும்படி சொன்னால், சி-யை ஸட்ஜமாக வைத்து எல்லாப் பெடலும் நடுவில் இருந்தால் சங்கராபரணம். எஃப் பெடலை மட்டும் ஷார்ப்புக்கு இறக்கினால் கல்யாணி. ஈ, பி இரண்டையும் ஃபிளாட்டுக்கு ஏற்றினால் கரகரப்பிரியா. மோகனத்துக்கு ஒரு தந்திரம் உண்டு. எஃப்பை ஃபிளாட் ஆக்கினால் அது ஈ-யோடு ஒன்றாகிவிடும். பி-யை ஷார்ப் ஆக்கினால் சி-யோடு ஒன்றாகிவிடும். ஏழு தந்தி, ஐந்து சுரம். விரலை எப்படி இழுத்தாலும் மோகனத்தைத் தவிர வேறு எதுவும் வராது. முகப்பில் ஓடும் ஹார்ப்பின் அழகில் பாதி இதுதான், தப்பே வராதபடி பெடலைப் பூட்டிவிட்டு விரலை இழுப்பது. கனகாங்கிகூட வரும். சி-யை ஸட்ஜமாக வைத்தால் பஞ்சமம், சுத்த தைவதம், சுத்த நிஷாதம் மூன்றுக்கும் ஜி, ஏ என்ற இரண்டே தந்திதான், போதாது. ஈ-யை ஸட்ஜமாக எடுத்து ஜி, டி இரண்டையும் ஃபிளாட்டில் வைத்தால் ஏழும் பொருந்திவிடும். பொழுதுபோகாத சங்கீதக்காரர்கள் போட்டுப் பார்க்கலாம்.

ஜாஸில் இந்தப் பூட்டு உதவாது. கார்டு, அதாவது ஒருசேர ஒலிக்கும் சுரக்கூட்டு, நாலு எண்ணிக்கைக்கு ஒருமுறை மாறும், சில இடங்களில் இரண்டுக்கே மாறும். ஜி கார்டில் ஒரு ஏ ஃபிளாட் காரமாக விழ வேண்டும், அடுத்து வரும் சி கார்டில் ஏ நேச்சுரலாக இருக்க வேண்டும் என்றால், அதற்குள் வலது கால் அந்தப் பெடலை ஏற்றி இறக்கியாக வேண்டும். அதே நொடியில் ஈ பெடலும் மாற வேண்டியிருந்தால் சிக்கல், அதுவும் வலது காலின் பொறுப்பு. மாற்றத்தில் தயங்கினால் கழுத்துப் பக்கத்துத் தட்டிலுள்ள முளை, அதிர்ந்துகொண்டிருக்கும் தந்தியை உரசி இரைச்சல் கொடுக்கும். பியானோக்காரருக்கு அந்தக் கணத்தில் எதைச் சொல்வது என்ற யோசனை மட்டும்தான். ஹார்ப்காரர் இரண்டு கார்டுக்கு முன்பே காலால் அதை முடிவு செய்திருக்க வேண்டும். மனோதர்மம் பாதத்தில் தொடங்குகிறது.

இன்னொரு இடைஞ்சல், தட்டிய தந்தி தானாக அடங்காது. பியானோவில் விரலை எடுத்தால் ஒலி நிற்கும். ஹார்ப்பில் உள்ளங்கையை வைத்து அடக்க வேண்டும். தாழ்ந்த தந்திகளில் நடைபோடும் பேஸ் வாசித்தால் ஒவ்வொரு சுரத்தையும் அடக்கிவிட்டுத்தான் அடுத்ததுக்குப் போக முடியும். இல்லையென்றால் சாம்பாரும் பாயசமும் ஒரே இலையில் ஓடுவதுபோல் கலங்கிவிடும். கைக்கு நாலு விரல்தான் பயன்படும், சுண்டுவிரலுக்கு வேலையில்லை. கமகமும் கிடையாது. தந்தி ஒலிக்கும்போதே பெடலை நகர்த்தினால் அரைச் சுரம் வழுக்கும். ஜாஸ்காரர்கள் அந்த ஒரே வழியை வைத்துக்கொண்டு, ஜாஸுக்கு வேரான ப்ளூஸ் என்ற சோகப்பாட்டின் அழுகையைக் கொண்டுவருகிறார்கள். பதிவில் அந்த வழுக்கலைப் பிடித்துவிட்டால், கேட்க வேண்டியதில் பாதியைக் கேட்டுவிட்டீர்கள்.

தப்பே வராத அந்தப் பூட்டை ப்ளூஸும் தனக்கேற்றபடி திருப்பிக்கொள்ளும். டி ஷார்ப், சி நேச்சுரல், பி ஃபிளாட், ஈ ஷார்ப், எஃப் ஷார்ப், ஜி நேச்சுரல், ஏ ஷார்ப் என்று பெடல்களை வைத்தால் சி-யின் ப்ளூஸ் சுரவரிசை முழுதாக வந்துவிடும். ஒரு சுரம் மட்டும் இரட்டிக்கும், அவ்வளவுதான்.

இனிப் பதிவுகள். முன்னோடிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். காஸ்பர் ரியர்டன் 1934இல் ஜாக் டீகார்டனோடு வாசித்த ‘ஜங்க் மேன்’, ஜாஸ் ஹார்ப்பின் தொடக்கப் பதிவுகளில் ஒன்று. அடேல் ஜிரார்ட் நியூயார்க்கின் 52ஆம் தெருவில் கணவர் ஜோ மார்சாலாவின் கிளாரினெட் குழுவோடு வாசித்தவர். இவர்களுக்குப் பத்து நிமிடம் போதும்.

அதிக நேரம் ஒதுக்க வேண்டியது டாரத்தி ஆஷ்பிக்கு. டெட்ராய்ட்காரர், 1932 முதல் 1986 வரை வாழ்ந்தவர். ‘ஹிப் ஹார்ப்’, ‘இன் எ மைனர் க்ரூவ்’ இரண்டும் 1958இல் பதிவானவை. இரண்டிலும் ஃப்ராங்க் வெஸ் புல்லாங்குழல், ஹெர்மன் ரைட் பேஸ். டிரம்ஸ் முன்னதில் ஆர்ட் டெய்லர், பின்னதில் ராய் ஹேய்ன்ஸ். பதிவு செய்தவர் ரூடி வான் கெல்டர். இடம் நியூஜெர்சியின் ஹேக்கன்சாக், அவருடைய பெற்றோர் வீட்டு முன்னறை. வீட்டிலே பிறந்த இசையைத்தான் வீட்டிலே கேட்கச் சொல்கிறோம்.

முதலில் ‘ஹிப் ஹார்ப்’பின் ‘பாக்கி’யைப் போடுங்கள். விருந்தினரிடம் ஹார்ப் என்று சொல்லாமலே போடுங்கள். கிதார் என்று நினைப்பவர்கள் இருப்பார்கள். அப்படி நினைக்கக் காரணம் ஆஷ்பியின் அடக்கம். இழுப்பே இல்லை. நறுக்கென்ற சுரங்கள், பின்னணியில் குறுகிய கார்டுகள், உடனே உள்ளங்கை. குழல் நீண்ட மூச்சில் போகும், ஹார்ப் இடைவெளியில் புள்ளி வைக்கும். ஹார்ப்பின் ஒலி பிறந்தவுடன் தேயத் தொடங்கும், குழலின் ஒலி மூச்சு உள்ளவரை நிற்கும். இந்தச் சேர்க்கை பொருந்தக் காரணம் அதுதான். அடுத்து ‘இன் எ மைனர் க்ரூவ்’விலிருந்து ‘அலோன் டுகெதர்’. அதில் ஹேய்ன்ஸ் எவ்வளவு மெதுவாக வாசிக்கிறார் என்பதையும் கவனிக்கச் சொல்லுங்கள்.

1968இல் வந்த ‘ஆஃப்ரோ ஹார்ப்பிங்’ வேறு உலகம். ரிச்சர்ட் எவன்ஸின் இசையமைப்பு, கனத்த தாளம். ‘சோல் வைப்ரேஷன்ஸ்’ தொடங்கும்போது தெரமின் என்ற மின்வாத்தியம் பேய்போல் ஊளையிடும். இளைஞர்கள் இங்கேதான் நிமிர்ந்து உட்காருவார்கள். ஆனால் இதிலிருந்து தொடங்காதீர்கள். ஆஷ்பியின் விரல் கெட்டிக்காரத்தனம் 1958இல்தான் வெளிச்சமாகத் தெரிகிறது. ஸ்டீவி வொண்டரின் ‘இஃப் இட்ஸ் மேஜிக்’ பாட்டில், 1976இல், குரலுக்குத் துணையாக ஹார்ப் வருகிறதே, அதுவும் இவர்தான். ஜாஸ் இல்லை, ஆனாலும் நடுவில் அதை ஒருமுறை போட்டால் கூட்டம் இளகும்.

அடுத்தவர் ஆலிஸ் கோல்ட்ரேன், அவரும் டெட்ராய்ட். ஆஷ்பி கார்டுக்குக் கார்டு மல்லுக்கட்டுகிறார் என்றால், ஆலிஸ் பூட்டைப் போட்டுவிட்டு அதற்குள்ளேயே கடலைக் காட்டுகிறார். முகப்பு ஹார்ப்பும் இழுக்கிறது, இவரும் இழுக்கிறார், வித்தியாசம் என்ன என்று யாராவது கேட்பார்கள். இவருடைய இழுப்பு அலங்காரமாக வரவில்லை, ஆலாபனையாக வருகிறது. வேகம், அழுத்தம், எந்தத் தந்தியில் திரும்புகிறார் என்பது ஒவ்வொரு தடவையும் மாறுகிறது. 1970இன் ‘ப்தா தி எல் தாவுத்’ ஆல்பத்தில் ‘ப்ளூ நைல்’ கேளுங்கள், இரண்டு ஆல்ட்டோ புல்லாங்குழல்களுக்கு அடியில் ஹார்ப் நீர்போல் ஓடும். பிறகு 1971இல் வெளிவந்த ‘ஜர்னி இன் சச்சிதானந்தா’வின் தலைப்புப் பாட்டு. தம்புரா சுருதி, அதன்மேல் செசில் மெக்பீயின் பேஸ் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லும், ஃபாரோ சாண்டர்ஸின் சாக்ஸபோன். நம் கூட்டம் விளக்கமே இல்லாமல் உள்ளே போய்விடும். இதன் பெரும்பகுதியும் வீட்டில்தான் பதிவானது, கோல்ட்ரேன் குடும்பத்தின் டிக்ஸ் ஹில்ஸ் வீட்டு ஸ்டுடியோவில்.

தலைப்பில் வரும் சச்சிதானந்தர் என்ற சுவாமி தமிழர். ஊர் செட்டிபாளையம். பெயரைப் பார்த்து உரிமை கொண்டாடிவிட வேண்டாம், அது கோயம்புத்தூர்ப் பக்கம். இன்னொரு எச்சரிக்கை, இதே ஆல்பத்தின் ‘சம்திங் அபவுட் ஜான் கோல்ட்ரேன்’ பாட்டில் ஆலிஸ் வாசிப்பது பியானோ. ஹார்ப் மாலையில் அதைப் போட்டுவிட்டு ஹார்ப் எங்கே என்று தேடாதீர்கள்.

மிச்ச நேரத்துக்கு இன்றையவர்கள். கொலம்பியாவின் எட்மார் காஸ்டனெடா வாசிப்பது பெடல் இல்லாத நாட்டார் ஹார்ப் வகை. பியானோ கலைஞர் ஹிரோமியோடு 2017இல் வெளியிட்ட ‘லைவ் இன் மான்ட்ரியல்’ ஆல்பத்தில் அவருடைய இடது கை மட்டுமே ஒரு பேஸ்காரரின் வேலையைச் செய்கிறது. ப்ராண்டி யங்கரின் ‘ப்ராண்ட் நியூ லைஃப்’, 2023, ஆஷ்பியின் இசையைத் திரும்ப எடுத்துக்கொள்வது. முதலில் ஆஷ்பியைக் கேட்டவர்களுக்கு அது இரட்டிப்பாக ருசிக்கும். ‘அமைதி தரும் ஹார்ப்’ வகைத் தொகுப்புகளுக்கு மட்டும் அன்று விடுமுறை கொடுங்கள்.

இனி இடம். உங்கள் வீடுகள் கண்ணுக்குக் கொடுப்பதைக் காதுக்குக் கொடுப்பதில்லை. முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய சுண்ணாம்புச் சுவர், ஆத்தங்குடிக் கல், இத்தாலிய மார்பிள், எல்லாமே ஒலியை விழுங்காமல் திருப்பி அனுப்புபவை. ஹார்ப்பின் ஒலியோ ஏற்கெனவே நீண்டு ஒலிப்பது. அறையின் எதிரொலியும் அதன்மேல் ஏறினால், ஆஷ்பி பாடுபட்டு அடக்கிய சுரத்தை உங்கள் சுவர் மறுபடி எழுப்பிவிடும். கூடத்தின் நடுவில் நின்று ஒரே ஒரு கைதட்டு தட்டிப் பாருங்கள். ‘டக்’ என்று நின்றால் சரி. ‘ட்ர்ர்’ என்று நடுங்கினால் எதிரெதிர்ச் சுவர்கள் ஒலியைப் பந்தாடுகின்றன. தரை முழுக்க ஜமுக்காளம் இரட்டையாக விரியுங்கள். ஒரு பக்கச் சுவரில் மட்டும் கனத்த பருத்தித் துணி, பழைய கண்டாங்கிகூட ஆகும், சுவரிலிருந்து நாலு விரல் தள்ளித் தொங்கவிடுங்கள். சுவரோடு ஒட்டினால் பலன் குறைவு. எல்லாவற்றையும்விட நன்றாக ஒலியை உறிஞ்சுபவர்கள் உட்கார்ந்திருக்கும் மனிதர்கள், ஆகவே கைதட்டுச் சோதனையை ஆள் வந்தபிறகு இன்னொருமுறை செய்யுங்கள்.

இப்படியெல்லாம் முடியாது என்றால் வளவையே எடுத்துக்கொள்ளுங்கள். மேலே வானம் திறந்திருப்பதால் ஒலி தப்பிப் போகும். ஸ்பீக்கர்களை மூலையில் ஒட்டாமல் ஒரு மீட்டர் முன்னே இழுத்து, இரண்டுக்கும் இடையே எவ்வளவு தூரமோ அதே தூரத்தில் முதல் வரிசையை உட்காரவையுங்கள். கல்யாண ஒலிபெருக்கி வேண்டாம், ஃபோனோடு இணைக்கும் கைக்கடக்கமான ஸ்பீக்கரும் வேண்டாம். ஹார்ப்பின் அடித்தந்தி 32 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். சின்ன ஸ்பீக்கரில் இடது கையே காணாமல் போய், வலது கையின் கிணுகிணுப்பு மட்டும் மிஞ்சும். முகப்பில் இதுவரை நடந்ததும் ஒருவகையில் இதுதான்.

கேட்ட பிறகு நிஜ ஹார்ப்பே வரவழைக்கலாம் என்று ஆசை வந்தால் சில விஷயங்கள். அது 35 கிலோவுக்கு மேல் இருக்கும், ஆளின் வலது தோளில் சாய்ந்தபடி நிற்கும். ஆத்தங்குடிக் கல் வழுக்கும், அடியில் ரப்பர் விரிப்பு போடாவிட்டால் பெடலை மிதிக்கும் ஒவ்வொரு தடவையும் வாத்தியம் நகரும். ஏசி அறையிலிருந்து வளவுக்கு நேரே கொண்டுவந்து வாசிக்கச் சொல்லாதீர்கள். ஈரப்பதம் மாறினால் நடுத்தந்திகள், அவை விலங்குக் குடலில் செய்தவை, சுருதி கலையும், சில அறுந்தும் போகும். இரண்டு மூன்று மணி நேரம் முன்பே வைத்துவிட்டு, 47 தந்திக்கும் சுருதி சேர்க்க அவகாசம் கொடுங்கள். டிரம்ஸ் இருந்தால் குச்சி வேண்டாம், பிரஷ் போதும்.

அழைப்பிதழில் ‘யாழ்’ என்று அச்சிடுவதில் எங்களுக்குச் சண்டை இல்லை. நம் யாழுக்கு முன்தூண் கிடையாது, பெடலும் கிடையாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். அதன் நெருங்கிய உறவு பர்மாவின் சாங் என்ற வில் வடிவ வாத்தியம், இன்றும் அங்கே வாசிக்கிறார்கள். உங்கள் வீட்டுத் தேக்குத் தூண்கள் வந்த ஊர்தான்.

நாள் குறிப்பதானால் மார்கழி. கல்யாணம் இல்லாததால் வீடுகள் காலியாக இருக்கும், மாலையில் மின்விசிறி சுழல வேண்டாம். சுழலும் விசிறி ஹார்ப்பின் நீண்ட ஒலியை வெட்டி நடுங்கவைக்கும் என்பதால் இது சின்னச் சலுகை இல்லை. பிள்ளையார் நோன்பு அன்று மட்டும் வேண்டாம். இழை எடுக்கிற நேரத்தில் யாரும் வரமாட்டார்கள், நாங்களும் வரமாட்டோம்.

இப்படிக்கு,
காரைக்குடி வட்டாரத்து இசை கேட்போர் சிலர்