மில்லில் அரைத்த கோதுமையிலேயே மெத்தென்ற பன் வரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாளிதழ்களின் ஞாயிறு இணைப்புகளில் வரும் பேக்கிங் குறிப்புகள் பலவற்றின் கடைசியில் ‘விரும்பினால் மைதாவுக்குப் பதில் கோதுமை மாவு சேர்த்துக்கொள்ளலாம்’ என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியை நம்பி, மில்லில் அரைத்து வந்த மாவில் பன் சுடுகிறவர்களுக்குக் கிடைப்பது மேலே வெடித்து, உள்ளே பிசுபிசுத்து, மறுநாள் உதிர்ந்துபோகும் கனமான உருண்டைதான். ‘கோதுமையில் பன் வராது, கொஞ்சமாவது மைதா கலக்க வேண்டும்’ என்ற எண்ணம் இப்படித்தான் பரவுகிறது. துளி மைதா இல்லாமல், புதிதாக அரைத்த முழுக்கோதுமை மாவிலேயே மெத்தென்ற சிறு பன்கள் வரும். ஆனால் மைதாவின் தண்ணீர் அளவையும் நேரத்தையும் அப்படியே வைத்துக்கொண்டு மாவை மட்டும் மாற்றினால் வரவே வராது. அந்த ஒரு வரியை அச்சிடுவதை விட, கோதுமைக்கென்று தனிக் குறிப்பு தருவதே வாசகர்களுக்கு உதவும் என்பதால் இதை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் தானியம். ரவைக்கும் உப்புமாவுக்கும் அருமையான சம்பா கோதுமையின் குளூட்டன் (மாவை இழுபடச் செய்யும் புரதப் பிசின்) பன்னைத் தாங்கும் அளவுக்கு வலுவானதல்ல. மஞ்சள் சாயலும் கெட்டியான மணியும் கொண்ட டூரம் என்ற கோதுமை இனத்தில் புரதம் அதிகம்; ஆனாலும் மாவு இழுபடாது, உப்பாது. சப்பாத்திக்கு வாங்கும் சாதாரணக் கோதுமைதான் பன்னுக்கும் ஏற்றது. மத்தியப் பிரதேசத்தின் சீஹோர், விதிஷா பகுதியில் விளையும் சர்பதி கோதுமைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு அதன் பெயர் எல்லாப் பொட்டலங்களிலும் ஏறிவிட்டது. அதிக விலை கொடுத்து அதைத்தான் வாங்க வேண்டும் என்றில்லை. ரேஷன் கோதுமையைக் கல், தூசி நீக்கிச் சுத்தம் செய்தால் அதுவே போதும். சந்தேகம் இருந்தால் எளிதாகச் சோதிக்கலாம். 50 கிராம் சலித்த மாவை 30 மில்லி தண்ணீரில் பிசைந்து அரை மணி நேரம் மூடி வையுங்கள். பிறகு ஒரு கிண்ணத் தண்ணீருக்குள் வைத்துக் கசக்கிக் கழுவுங்கள். மாவுப்பால் எல்லாம் போனபின் கையில் ரப்பர் போல இழுபடும் பிசின் மிஞ்சினால் அந்தக் கோதுமை பன்னுக்கு ஆகும். துண்டு துண்டாகப் பிரிந்து தண்ணீரோடு போனால் அதைச் சப்பாத்திக்கு வைத்துக்கொள்ளலாம். மணிகளின் நுனியில் முளை எட்டிப் பார்க்கும் கோதுமையைத் தவிர்க்க வேண்டும். மழையில் நனைந்து முளைவிட்ட தானியத்தில் அமிலேஸ் நொதி பெருகியிருக்கும். அது மாவுச்சத்தைச் சிதைப்பதால், எவ்வளவு நேரம் சுட்டாலும் பன்னின் உட்புறம் பசையாகவே இருக்கும்.

அடுத்தது மில். கோதுமையைக் கழுவியிருந்தால் நன்றாகக் காய்ந்த பிறகுதான் அரைக்கக் கொடுக்க வேண்டும். ஈரம் இருந்தால் மாவு கட்டி கட்டியாகிச் சீக்கிரம் பூசணம் பிடிக்கும். நாள் கணக்கில் சுட்டெரிக்கும் வெயிலில் போட்டு எலும்பாக உலர்த்துவதும் கூடாது. மேல்தோல் மொறுமொறுப்பாகி, அரைக்கும்போது பொடிப்பொடியாக உடைந்து மாவோடு கலந்துவிடும். பிறகு சலித்தாலும் தவிட்டைப் பிரிக்க முடியாது. ஈரத்துணியால் துடைத்து நிழலில் ஆறவிடுவதே பன் மாவுக்கு நல்லது. சப்பாத்தி மாவுக்குச் சேர்ப்பதைப் போல சோயா, கொண்டைக்கடலை, வெந்தயம் எதையும் இதில் போடக்கூடாது. அவற்றில் குளூட்டன் கிடையாது, இருக்கும் வலுவையும் அவை குறைத்துவிடும். பச்சரிசி அரைத்து முடித்த கல்லில் உடனே கோதுமையைக் கொட்டினால் முதலில் விழும் மாவில் அரிசி மாவு கலந்திருக்கும். வேறு யாராவது கோதுமை அரைத்த பிறகு நம்முடையதைப் போடச் சொல்வது நல்லது. இரண்டு கிலோவுக்குக் குறைவாகக் கொடுத்தால் கல்லிடுக்கில் நிற்கும் பழைய மாவின் பங்கு கூடிவிடும். ‘நைஸாக’ என்று கேட்டு வாங்குங்கள். ஆனால் கல்லை மிக நெருக்கினால் மாவு கை வைக்க முடியாத சூட்டில் வரும். அந்தச் சூடு குளூட்டனைக் கெடுக்கும். வீட்டுக்கு வந்ததும் துணியில் பரப்பி முழுவதும் ஆறவிட்ட பிறகே டப்பாவில் மூட வேண்டும்.

அரைத்த அன்றோ மறுநாளோ சுடுவது நல்லது. கோதுமை மணிக்குள் உள்ள முளைக்கருவில் இருக்கும் எண்ணெய் அரைத்த நிமிடத்திலிருந்தே காற்றுபட்டுக் கெடத் தொடங்குகிறது. உடனே சுட முடியாவிட்டால் மாவைக் காற்றுப் புகாமல் ஃபிரிட்ஜில் வைக்கலாம். பன்னில் லேசான கசப்பு தெரிந்தால் பெரும்பாலும் காரணம் பழைய மாவுதான். ஈஸ்ட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. வீட்டில் மிக்ஸியில் அரைப்பவர்கள் 100 கிராம் வீதம் விட்டு விட்டு அரைக்க வேண்டும். அந்த மாவு நறநறப்பாக இருப்பதால் பிசைந்து ஃபிரிட்ஜில் இரவு முழுக்க ஊறவிடுவது அவசியம்.

இனி அளவு. டம்ளர், கப் கணக்கு இங்கே ஏமாற்றும். அரைத்த கையோடு மாவு காற்றேறி உப்பலாக இருக்கும். அதே கப்பில் அடைந்து கிடக்கும் பழைய மாவு எடை கூடுதலாகப் பிடிக்கும். சமையலறைத் தராசில் நிறுத்துதான் எடுக்க வேண்டும். 23 செ.மீ. சதுரத் தட்டில் நெருக்கமாக 16 பன் வர: மாவு 500 கிராம், காய்ச்சி ஆறவைத்த பால் 200 மில்லி, தண்ணீர் 210 மில்லி, சர்க்கரை அல்லது பொடித்த வெல்லம் 40 கிராம், உப்பு 9 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 6 கிராம், வெண்ணெய் 50 கிராம். தண்ணீரைப் பார்த்து மிரள வேண்டாம். கல்லில் அரைபடும்போது மாவுச்சத்தின் மணிகள் நசுங்கி உடைகின்றன. உடைந்த மணியும் தவிடும் மைதாவை விட அதிகமாகத் தண்ணீர் குடிக்கும். ஆனால் தவிடு மெதுவாகத்தான் குடிக்கும். பிசையும்போது ஒட்டுகிறதே என்று வறட்டு மாவைத் தூவித் தூவி இறுக்குவதுதான் வீட்டுப் பன்கள் கல்லாவதற்கு முதல் காரணம்.

மாவை நெருக்கமான சல்லடையில் சலித்தால் 40 முதல் 60 கிராம் வரை தவிடு நிற்கும். அதைக் கொட்டிவிடாதீர்கள். தவிட்டின் கூரான ஓரங்கள் குளூட்டன் இழைகளை அறுப்பதால்தான் முழுக்கோதுமைப் பன் உப்ப மறுக்கிறது. எனவே தவிட்டில் 60 மில்லி கொதிநீர் ஊற்றி மூடி வைத்து, மிருதுவான பிறகு கடைசியில் சேர்க்க வேண்டும். சலித்த மாவில் 30 கிராம் எடுத்து, மீதி 150 மில்லி தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கிளறுங்கள். கரண்டி இழுத்த தடம் பாத்திரத்தின் அடியில் தெரியும் பதத்தில், ஏறக்குறைய 65 டிகிரியில், இறக்கிவிடலாம். இந்தக் கஞ்சி தன்னுள் தண்ணீரைப் பிடித்துவைத்து, பன் மறுநாளும் காயாமல் காக்கிறது. கிழக்காசிய பேக்கரிகளில் பால் பன்னுக்குக் கையாளும் இந்த முறை, நம் மில் மாவுக்கு மைதாவை விடவும் கூடுதலாகப் பலன் தரும்.

ஆறிய கஞ்சி, பால், மீதி மாவு மூன்றையும் கலந்து, ஈஸ்ட்டும் உப்பும் இல்லாமல் 40 நிமிடம் மூடி வைக்க வேண்டும். இந்த இடத்தில் அவசரப்பட்டால் பிறகு எதைச் செய்தும் ஈடுகட்ட முடியாது. ஊறும் நேரத்திலேயே குளூட்டன் பாதி உருவாகிவிடும். பிசையும் வேலையும் பாதியாகும். பிறகு ஈஸ்ட், சர்க்கரை, உப்பு சேர்த்துக் கையால் 10 நிமிடம் நீட்டி மடித்துப் பிசையுங்கள். மாவு ஒரே பந்தாகத் திரண்டதும் வெண்ணெயைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, கடைசியில் ஊறிய தவிட்டைக் கலந்தால் போதும். கையில் லேசாக ஒட்ட வேண்டும். எண்ணெய் தொட்டுக்கொள்ளலாம், மாவு தொடக்கூடாது. மைதாவைப் போல, இழுத்தால் கண்ணாடி போன்ற மெல்லிய சவ்வு வரும்வரை என்று மிஷினில் போட்டு அடித்தால் காரியம் கெடும். கோதுமை முளைக்கருவில் உள்ள குளூட்டாதையோன் என்ற பொருள் குளூட்டன் பிணைப்புகளைத் தளர்த்தும் இயல்புடையது. அதிக நேரம் பிசைந்தால் மாவு இளகிக் கூழாகும். இதை ஈடுகட்ட ஒரு தேக்கரண்டி நெல்லிக்காய்ச் சாறு சேர்ப்பது நல்ல வழி. பேக்கரிகள் அஸ்கார்பிக் அமிலம் சேர்ப்பதும் இதற்காகத்தான். அது வைட்டமின் சி-யேதான். முன்பு இதே வேலைக்குப் பயன்பட்ட பொட்டாசியம் புரோமேட்டை இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-இல் அனுமதிப் பட்டியலிலிருந்து நீக்கியது. வீட்டில் ‘பிரெட் இம்ப்ரூவர்’ பொட்டலம் வாங்குகிறவர்கள், அதில் என்ன இருக்கிறது என்று படித்துப் பார்த்து வாங்க வேண்டும்.

நேரக் கணக்கில் குளிர்நாட்டுக் குறிப்புகளை நம்பக்கூடாது. அவை சொல்லும் ஒன்றரை மணி நேரம் 21, 22 டிகிரி அறைக்கு. சென்னையிலோ மதுரையிலோ அறை 32 டிகிரியைத் தொடும்போது 45 நிமிடத்திலேயே மாவு எழுந்துவிடும். மைதாவை விட முழுக்கோதுமை மாவில் நொதிகளும் தாதுக்களும் கூடுதல் என்பதால் ஈஸ்ட்டின் வேகமும் கூடும். கோடையில் பாலைக் குளிரவைத்துச் சேர்த்தால் பிடி நம் கையில் இருக்கும். இரண்டு மடங்கு ஆகட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஒன்றரை மடங்கைச் சற்றுத் தாண்டியதும் எடுத்துவிட வேண்டும். 60 கிராம் உருண்டைகளாக்கி, அடிப்பக்கம் இழுத்து மேல் தோலை இறுக்கி, விரலிடை விட்டு அடுக்கி, ஈரத்துணி மூடி 25 முதல் 35 நிமிடம் வையுங்கள். விரலால் அழுத்தினால் குழி மெதுவாக, பாதி அளவுக்கு மட்டும் மேலெழ வேண்டும். துள்ளி எழுந்தால் இன்னும் நேரமாகவில்லை. அப்போதே சுட்டால் பக்கவாட்டில் வெடிக்கும். குழி அப்படியே நின்றால் புளித்துவிட்டது என்று பொருள். ஓவனில் அமுங்கிச் சப்பையாகும்.

ஓடிஜி எனும் சிறு மின் ஓவனை மேல், கீழ் இரண்டு கம்பிகளும் எரிய 180 டிகிரியில் 15 நிமிடம் முன்சூடாக்கி, நடுத்தட்டுக்கு ஒரு படி கீழே வைத்து 20 முதல் 22 நிமிடம் சுட வேண்டும். கோதுமை மாவு சீக்கிரம் நிறமேறும். நிறத்தை மட்டும் பார்த்து எடுத்தால் நடு வேகாமல் இருக்கும். நடுப் பன்னின் உட்சூடு 93 டிகிரிக்கு வந்திருந்தால் சரியாக வெந்துவிட்டது. ஓவன் இல்லாதவர்கள் அடிகனமான பாத்திரத்தில் ஓர் அங்குலத்துக்கு உப்பைப் பரப்பி, மேலே தாங்கி வைத்து, மூடி 10 நிமிடம் சூடேற்றியபின் பன் தட்டை உள்ளே வைத்து மூடி, சிறு தீயில் 35 நிமிடம் விடலாம். குக்கர் என்றால் கேஸ்கட்டும் வெயிட்டும் கழற்றியே ஆக வேண்டும். மேற்புறம் சிவக்காது, ருசியில் குறை இருக்காது. எடுத்தவுடன் வெண்ணெய் தடவித் துணியால் மூடிவிட்டால் மேல்தோல் மிருதுவாகும். 20 நிமிடம் ஆறாமல் பிய்த்தால், வெந்த பன்னும் வேகாதது போலப் பசையாகத் தெரியும்.

மிஞ்சியதை ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைக்காதீர்கள். அந்தக் குளிரில்தான் மாவுச்சத்து வேகமாக இறுகிப் பன் விறைக்கும். அன்றே தீராது என்றால் ஆறியதும் ஃபிரீசரில் வைத்து, வேண்டும்போது இட்லிப் பானையில் துணி போட்டு மூன்று, நான்கு நிமிடம் ஆவி காட்டினால் போதும்.

இப்படிக்கு,
அடுமனைப் பயிற்றுநர் ஒருவர்,
கோயம்புத்தூர்