பெரியப்பாவுக்கு, டர்பன்ல இருந்து

அன்புள்ள பெரியப்பா,

கால் வலி எப்படி இருக்கு? அன்னைக்கு போன்ல சொல்ல ஆரம்பிச்சேன், லைன் கட் ஆயிடுச்சு, அதான் இங்க எழுதிட்டேன், தம்பி படிச்சு காட்டுவான்.

இங்க ஆர்கெஸ்ட்ரால வாசிக்கிற நாலு பேர் ஞாயித்துக்கிழமை ஒரு சர்ச்ல கச்சேரி பண்ணாங்க, டிக்கெட் கிடையாது, வாசல்ல ஒரு ஐஸ்கிரீம் டப்பா, இஷ்டம் இருந்தா காசு போடலாம். ரெண்டு வயலின், ஒரு வயோலா, காலுக்கு நடுவுல நிக்க வெச்சு வாசிக்கிற பெரிய செல்லோ ஒண்ணு. முன்னாடி நின்னு கை காட்டி நடத்துற கண்டக்டரும் இல்ல, மைக்கும் இல்ல. மொத வயலின்காரம்மா மூக்கால ‘ஸ்ஸ்’னு ஒரு மூச்சு இழுத்தாங்க, அதுதான் எடுப்பு! ஆர்கெஸ்ட்ரால பத்து வயலின் ஒரே வரிய வாசிக்கும், ஒருத்தர் சறுக்கினா தெரியாது. இங்க வரிக்கு ஒரு ஆள், மாட்டினா மாட்டினதுதான்.

"பேப்பர் பறந்தா கச்சேரி போச்சு"ன்னு கிண்டல் பண்ணுவீங்களே, நெஜமாவே பறந்துச்சு. வெக்கைக்கு கதவு திறந்து வெச்சிருந்தாங்க, துணி கிளிப் போட்டும் காத்துல செல்லோகாரர் பாத்து வாசிக்கிற ஸ்வரப் பேப்பர் புரண்டுடுச்சு, அவர் பாட்டுக்கு மனப்பாடமா வாசிச்சிட்டே இருந்தாரு, பக்கத்துல இருந்தவர் ஒரு ஓய்வு கிடைச்சதும் வில்லு நுனியால அத திருப்பி விட்டாரு.

ஆனா சொல்ல வந்தது வயோலா பத்தி. வயலினை விட கொஞ்சம் பெருசு, கனத்த குரல், நடுவுல கெடந்து உழைக்கும், கல்யாண வீட்டு சமையக்கட்டு மாதிரி யாரும் எட்டிப் பாக்க மாட்டாங்க. ட்வோர்ஷாக்னு ஒரு செக் நாட்டுக்காரர், நியூயார்க்ல வேலைல இருந்தவரு, 1893 ஜூன்ல லீவுக்கு அமெரிக்காவுலயே அயோவால செக் ஆளுங்க குடியேறின ஒரு கிராமத்துக்கு போயி ரெண்டு வாரம் சொச்சத்துல எழுதினதுதான் அன்னைக்கு இவங்க வாசிச்சது. அதுல மொத மெட்டே வயோலாவுக்குத்தான் குடுத்திருக்காரு! அவரே ஆர்கெஸ்ட்ரால வருஷக்கணக்கா வயோலா வாசிச்சவராம். அந்த மெட்டு ச ரி க ப த, அஞ்சே ஸ்வரம், கமகம் இல்லாத நம்ம மோகனம் பெரியப்பா. பக்கத்துல இங்க இந்தியர்கள் நிறைய இருக்கிற சாட்ஸ்வொர்த் ஏரியா ஆயா ஒருத்தங்க, கோயில் பாட்டுல மட்டும்தான் தமிழ் வரும் அவங்களுக்கு, தொடைல தாளமே போட ஆரம்பிச்சுட்டாங்க, முன் சீட்டுக்காரர் திரும்பி முறைச்சாரு.

நாப்பது வருஷம் பக்கவாத்தியமா உட்கார்ந்தவராச்சே நீங்க, உங்க ஞாபகம்தான் வந்துச்சு. ரெக்கார்ட் பண்ண விடல. அடுத்த வீடியோ கால்ல பாடிக் காட்டுறேன், ஸ்ருதி விலகினா திட்டாதீங்க.

உங்க பாப்பா