முடிவுரையை விட்டுவிடாதே

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே தாளடி நட்டாகிவிட்டது. வாய்க்காலில் தண்ணீருக்குக் குறைவில்லை. நீ 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகமும் முடித்துவிட்டாய் என்பதுதான் பெரிய சேதி.

பொசுக்கென்று முடிந்துவிட்டது என்று வருந்துகிறாய். 1950இலிருந்து 1954 வரை கல்கி இதழில் தொடராகப் படித்தவர்களும் இதையே சொன்னார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லத்தான் கல்கி முடிவுரை எழுதினார். 'மலர் உதிர்ந்தது' அத்தியாயத்தோடு மூடி வைத்திருந்தால் மறுபடி எடு. யார் யார் பிறகு என்ன ஆனார்கள் என்ற உன் கேள்விகள் பலவற்றுக்கு அதில் விடை இருக்கிறது.

உன் மகள் அடுத்துப் படிக்கப் போகிறாள் என்றாயே, ஒரே மூச்சில் படிக்க விடாதே. ஒரு வாரம் மனத்தில் நிற்கவேண்டும் என்று எழுதிய அத்தியாயங்கள் அவை. ஒவ்வொன்றும் ஒரு முடிச்சில் நிற்கும். பத்துப் பதினைந்தாக விழுங்கினால் முடிச்சுகளே சலித்துவிடும். நாளுக்கு மூன்று போதும். மொத்தம் 293 அத்தியாயம், 98 நாள். ஆடிப்பெருக்கன்று, கதைநாயகன் வந்தியத்தேவன் வீரநாராயண ஏரிக்கரையில் (இன்றைய வீராணம்) குதிரை ஏறி வருகிற அதே நாளில் தொடங்கினால் ஐப்பசி மழையில் முடியும். பலர் ஐந்தாம் பாகத்தில்தான் தேங்கிப் போகிறார்கள். மூன்றாம், நான்காம் பாகங்களில் தலா 46 அத்தியாயம்தான், ஐந்தாம் பாகத்தில் 91. பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலன் இறந்த பிறகும் கதை வெகுதூரம் போகிறது. பட்டம் யாருக்கு என்பதே அங்கே கதை என்று முன்கூட்டிச் சொல்லிவிடு.

கரிகாலனைக் கொன்றது யார் என்று கேட்டிருக்கிறாய். நாவல் அதைத் தெளிவாகச் சொல்லாமல் விட்டது சரி என்றே எனக்குப் படுகிறது. காட்டுமன்னார்கோயில் உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில், ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்று அவனைக் கொன்ற துரோகிகளின் பெயரைச் சொல்கிறது. அவர்கள் உறவினரின் நிலங்களைப் பற்றிப் பேசுகிறது. ஏன் கொன்றார்கள் என்று சொல்லவில்லை. அந்த இடைவெளியில்தான் கல்கி நந்தினியைக் கொண்டுவந்து வைத்தார். நந்தினி, மந்தாகினி, பூங்குழலி எல்லாம் கற்பனை. வந்தியத்தேவன் அப்படியில்லை, பெரிய கோயில் கல்வெட்டில் குந்தவையின் கணவராக இருக்கிறார்.

உடையார்குடிக்குப் போவதானால் கல்வெட்டின் அச்சான பாடத்தை நகல் எடுத்துக்கொண்டு போ. சோழர் கால எழுத்தில் புள்ளி அநேகமாக இராது, எகரமும் ஏகாரமும் ஒன்றுபோல இருக்கும். நேரே கல்லைப் பார்த்துப் படித்தால் தடுமாறுவாய். காலையில் போனால் வெளிச்சம் நன்றாக இருக்கும். அங்கிருந்து அணைக்கரை வழியாகக் கும்பகோணம் வந்து, நாவலில் வரும் பழையாறையையும் பார்த்துவிடலாம். கோடிக்கரையை அதே நாளில் சேர்க்காதே, அது டெல்டாவின் மறுகோடி.

கொள்ளிடத்துத் தண்ணீர் வடவாற்றில் ஓடிக்கொண்டிருக்கும்போதே வா. வீராணம் ஏரி நிறைந்திருக்கும்.

அன்புடன்,
உன் நண்பன்