செத்தவர்களின் சாட்சி

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் போன வாரமே கிடைத்தது. மூத்தவளுக்கு வேலை கிடைத்த செய்தி கேட்டு இங்கே எல்லோருக்கும் மகிழ்ச்சி. எனக்குக் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்தது. இரவில் மறுபடி படிக்க முடிகிறது. இப்போதைய பேய்க்கதைகளில் பயமே இல்லை என்று அலுத்துக்கொண்டிருந்தாயே, அதற்குத்தான் இந்தப் பதில்.

டனானரீவ் டூ எழுதிய ‘தி ரிஃபார்மேட்டரி’ என்ற நாவல் 2023இல் வெளிவந்தது. கதை 1950இல், அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில், கிரேஸ்டவுன் என்ற கற்பனைச் சிற்றூரில் நடக்கிறது. பன்னிரண்டு வயதுக் கறுப்பினச் சிறுவன் ராபர்ட். தன் அக்காவிடம் வம்பு செய்த வெள்ளைக்காரப் பையனை ஓர் உதை உதைத்துவிடுகிறான். ஆறு மாதம் சீர்திருத்தப் பள்ளி என்று தீர்ப்பாகிறது. அவ்வளவுதான் வழக்கு. ராபர்ட்டின் கண்ணுக்குச் செத்தவர்கள் தெரிவார்கள். அந்தப் பள்ளியிலோ செத்துப்போன பையன்களுக்குப் பஞ்சமே இல்லை.

பேயை விரட்ட மந்திரவாதியைக் கூட்டிவரும் கதைகளைத்தானே நாம் படித்து வளர்ந்தோம்? இங்கே பள்ளியின் தலைமை அதிகாரி ஹாடக்கே பேய்களைப் பிடித்து ஒழிக்கத் துடிக்கிறார். அவை தன்னை ஏதாவது செய்துவிடும் என்ற பயம் மட்டுமல்ல அது என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த வளாகத்தில் நடந்ததை அறிந்த சாட்சிகள் அவை; அவற்றை மிரட்டி வாயடைக்க முடியாது. பிடித்துக்கொடுக்கும் வேலை ராபர்ட்டின் தலையில் விழுகிறது. ஒழுங்காகச் செய்தால் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்று ஆசை காட்டுகிறார்கள். தன்னைப் போலவே அங்கு வந்து மாண்ட ஒருவனைச் செத்த பிறகும் காட்டிக்கொடுத்தால்தான் தனக்கு விடுதலை. இந்தக் கண்ணியைக் கோத்ததில்தான் ஆசிரியரின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. இதற்கு முன் எந்தப் பேயும் எனக்கு ஒரு பொருட்டாகப் படவில்லை.

ஊர்தான் கற்பனை. ஃப்ளோரிடாவின் மரியானாவில் இப்படி ஒரு பள்ளி 1900 முதல் 2011 வரை உண்மையிலேயே நடந்தது. கறுப்பினப் பையன்களையும் வெள்ளையினப் பையன்களையும் 1960கள் வரை தனித்தனியாக வைத்திருந்தார்கள். ‘வெள்ளை மாளிகை’ என்று பெயர் வைத்த சிறிய கான்கிரீட் கட்டடத்துக்குள் கொண்டுபோய்த் தோல்வாரால் அடிப்பார்களாம். அலறல் வெளியே கேட்காமலிருக்கப் பெரிய மின்விசிறியை ஓடவிடுவார்கள் என்று தப்பிப் பிழைத்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். கறுப்பினத்தவர் பகுதியில் இருந்த இடுகாட்டில் குழாயால் செய்த 31 சிலுவைகள் நின்றன. பின்னாளில் பல்கலைக்கழகக் குழு தோண்டியபோது கிடைத்தவை 55 குழிகள். அங்கே புதைக்கப்பட்ட ராபர்ட் ஸ்டீஃபன்ஸ் 1937இல் பதினைந்து வயதில் இறந்தவன். தாய்வழியில் நாவலாசிரியருக்குத் தாத்தா முறை. அவன் பெயரைத்தான் கதாநாயகனுக்கு வைத்திருக்கிறார்.

1934இல் கிளாட் நீல் என்ற கறுப்பினத்தவரைக் கும்பல் ஒன்று சித்திரவதை செய்து கொன்று, அதே மரியானாவின் நீதிமன்ற வளாகத்து மரத்தில் பிணத்தைத் தொங்கவிட்டது. கொல்லப்போகிறோம் என்பதை முன்கூட்டியே ஊரறியச் செய்திருந்தார்கள். பிணத்தின் புகைப்படத்தை விற்றுக் காசாக்கினார்கள். சின்ன ஊரில் ரகசியம் தங்காது என்பார்கள். இங்கே ரகசியம் என்று ஒன்று இருக்கவே தேவைப்படவில்லை.

நாவலில் எனக்கு ஒரு குறை உண்டு. ஹாடக்கை ஒட்டுமொத்த அரக்கனாக்கிவிட்டார். அவரைப் பார்த்துப் பயப்படுவது எளிது. விசாரணை என்ற பெயரில் சட்டென்று ஒரு குழந்தையை அனுப்பிவைக்கும் அந்த நீதிமன்றக் காட்சிதான் எனக்குக் கிலியூட்டியது. யாரும் கத்தவில்லை, கோபப்படவும் இல்லை. இன்னும் நாலு பக்கம் அங்கேயே நின்றிருக்கலாம்.

என் பிரதியை அடுத்த வாரம் கூரியரில் அனுப்புகிறேன். தடித்த புத்தகம், ஓரங்களில் பென்சிலால் கிறுக்கியிருக்கிறேன், பொறுத்துக்கொள். கடைசி நூறு பக்கத்தை மட்டும் பகலில் படி. உன் மைத்துனருக்கு இரவல் கொடுத்துவிடாதே. போன தடவை போன புத்தகம் இன்னும் திரும்பவில்லை.

அன்புடன்,
ராகவன்