என் தோப்பில் வந்து உட்கார்ந்தவர்களுக்கு

ஊராருக்கும், ஊர் தாண்டி வந்து உதவியவர்களுக்கும் வணக்கம்.

பேராவூரணிப் பக்கம் இரண்டு ஏக்கர் தென்னை வைத்திருப்பவன் நான். கஜா புயலுக்குப் பிறகு வைத்த கன்றுகளில் ஒன்று போன வாரம் பாளை விட்டது. அதைப் பார்த்ததும்தான், உங்களுக்கு எழுதவேண்டிய கடிதம் ஏழு வருடமாகப் பாக்கி கிடப்பது உறைத்தது. பெயர் போட்டால் பாதிப்பேர் கோபித்துக்கொள்வீர்கள். ஆளை மட்டும் சொல்கிறேன், அவரவருக்குத் தெரியும்.

2018 நவம்பர் 16 அன்று விடிந்தபோது 140 மரத்தில் 23 நின்றது. விழுந்ததில் முக்கால்வாசி அப்பா வைத்தவை. பெத்த பிள்ளை கைவிட்டாலும் தென்னம்பிள்ளை கைவிடாது என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தவர்கள் நாங்கள். மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500 ரூபாய் என்று அரசு அறிவித்தது. குறை சொல்லவில்லை, அதுவும் வந்து சேர்ந்தது. ஆனால் நெட்டைக் கன்று வைத்தால் காய்க்க ஆறேழு வருடம். எனக்கு அப்போது 51 வயது. இந்தக் கணக்கை ராத்திரி பூராவும் போட்டுக்கொண்டே இருப்பேன். கூட்டினாலும் கழித்தாலும் விடை ஒன்றுதான்.

பிறகு கணக்கும் நின்றுபோனது. சோறு இறங்கவில்லை. லேசாகக் காற்று அடித்தால் போதும், எழுந்துபோய் நிற்கிற 23 மரத்தையும் டார்ச் அடித்து எண்ணிவிட்டு வருவேன். வீட்டுக்கு வந்தவர்களெல்லாம், "ஆம்பளை நீங்களே இப்படி உட்காந்துட்டா எப்படி, தைரியமா இருங்க" என்றார்கள். நல்லெண்ணத்தில் சொன்னதுதான். ஆனாலும் அவர்கள் போனபிறகு, தைரியமும் இல்லாதவன் என்கிற பட்டம் கூடுதலாகச் சேர்ந்துவிடும்.

முதல் நன்றி டீக்கடை மாமாவுக்கு. தினமும் நாலு மணிக்குத் தூக்குவாளியில் டீயோடு தோப்புக்கு வருவார். விழுந்த மரம் ஒன்றின்மேல் என் பக்கத்தில் உட்காருவார். ஒன்றும் கேட்கமாட்டார். டீ ஆறியிருந்தால், "சுட வச்சு எடுத்துட்டு வரவா?" என்பார், அவ்வளவுதான். பதினைந்தாவது நாளோ என்னவோ, நான் அழுதேன். அப்போதும் அவர் எழுந்து போகவில்லை, தேற்றவும் இல்லை.

மின்கம்பம் நட வந்த தம்பிகளே, உங்களில் யார் எந்த மாவட்டம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேரளத்திலிருந்துகூட டெல்டாவுக்கு ஆட்கள் வந்தார்கள். எங்கள் வயலில் முழங்கால் சேற்றில் கம்பத்தைத் தோளில் சுமந்துகொண்டு போனீர்கள். ஒருவர் திரும்பி, "அண்ணே, சும்மாதானே நிக்கிறீங்க, இந்தக் கயித்தைக் கொஞ்சம் இழுத்துப் பிடிங்க" என்றார். பிடித்தேன். உள்ளங்கை தோல் உரிந்துவிட்டது. அன்று ராத்திரி மூன்று மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கினேன். என்னை ஒரு வேலைக்கு ஆகிற ஆளாக யாரோ பார்த்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

எதிர்வீட்டு அக்காவுக்கு நன்றி சொல்ல எனக்கு இன்னும் கூச்சம்தான். என் வீட்டுக்காரி ஒரு நாள் கொட்டகையில் இருந்த பூச்சிமருந்து டப்பாக்களையெல்லாம் அள்ளிக்கொண்டுபோய் உங்கள் வீட்டில் வைத்தாள். ஏன் என்று நீங்கள் கேட்கவில்லை, ஊரில் ஒருவரிடமும் சொல்லவில்லை. எனக்கே நாலு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

கிராம சுகாதார செவிலியர் அம்மா, நீங்கள்தான் என்னை அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போனவர். "பைத்தியக்கார டாக்டர்கிட்டயா?" என்று கேட்டேன். "சுகருக்கு மாத்திரை போடுறீங்கல்ல, அந்த மாதிரிதான், வாங்க" என்று சொல்லிவிட்டு உங்கள் வண்டியைக் கிளப்பினீர்கள். டாக்டர் சொன்னதை மறக்கவில்லை: ஆபத்து வந்தால் உடம்பு சங்கு ஊதும், அது நல்லது. புயல் போனபிறகும் உங்களுக்கு அந்தச் சங்கு ஓயவில்லை, அதுதான் வியாதி. மாத்திரை வேலை செய்ய இரண்டு மூன்று வாரம் ஆகும், நடுவில் நீங்களாக நிறுத்தாதீர்கள் என்றார். நான் பத்தாம் நாளே நிறுத்தினேன். திட்டாமல் மறுபடி ஆரம்பித்துவைத்தார். ஒன்பது மாதம் சாப்பிட்டேன். ஆலோசகர் அம்மா ஒரு நோட்டு கொடுத்து, அன்றன்று செய்த ஒரு வேலையை மட்டும் எழுதச் சொன்னார். முதல் பக்கத்தில் "குளித்தேன்" என்று இருக்கிறது. இன்னும் வைத்திருக்கிறேன்.

அப்போது ராத்திரியில் மனம் விட்டுப் பேச 104 என்கிற அரசு உதவி எண் இருந்தது. இப்போது மனநல உதவி எண் 14416-க்கு அடித்தால் தமிழிலேயே பேசுகிறார்கள், காசு கிடையாது. இதை நான் யாருக்காவது சொல்லும்போதெல்லாம் அந்தச் செவிலியர் அம்மாவின் குரலில்தான் சொல்கிறேன், கவனித்திருக்கிறேன்.

காற்று அடித்தால் இன்றைக்கும் முழிப்பு வரும். எழுந்துபோய் எண்ணுவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

முதல் பாளையில் குரும்பைப் பிஞ்சு பெரும்பாலும் கொட்டிவிடும், தென்னை வைத்தவனுக்கு அது தெரியும். நாலைந்து நின்றாலும் இளநீராக இன்னும் ஏழு மாதம். வருகிறவர்கள் சொல்லிவிட்டு வாருங்கள். மரம் ஏற ஆள் தேடவேண்டாம், சின்ன ஏணி போதும்.