பட்டையை எடுக்க மறந்துவிட்டேன், சித்தப்பா

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

முழங்கால் வலி இப்போது பரவாயில்லையா? நீங்கள் வரமுடியாததால் போன ஞாயிறு நான் மட்டும் வண்டியை எடுத்துக்கொண்டு ஏற்காடு போனேன். மே மாதத்தில் அடிவாரத்து வழியில் இருபது கொண்டை ஊசி வளைவிலும் கார்தான் நிற்கும் என்று குப்பனூர் வழியாக ஏறினேன். பூ பார்க்க அந்தப் பாதைதான் சரி, நினைத்த இடத்தில் நிறுத்தலாம்.

மலை ஏறுவதற்கு முன்பே ஒரு சரக்கொன்றை. இலையே தெரியாமல் சரம் சரமாகத் தொங்கியது. உச்சி வெயிலில் ஆசை ஆசையாக நாற்பது படம் எடுத்தேன். வீட்டில் வந்து பார்த்தால் மஞ்சள் பெயிண்டைக் கொட்டிய மாதிரி ஒரு திட்டு, அவ்வளவுதான். பின்னால் நிழல் இருட்டாக இருந்ததால் கேமரா தானாக வெளிச்சத்தைக் கூட்டிவிட்டது. கேமரா எந்த நிறத்தையும் சிவப்பு, பச்சை, நீலம் என்று பிரித்துத்தான் பதிகிறது; மஞ்சளில் சிவப்பு அளவு முதலில் நிரம்பி வழிந்துவிடும், இதழில் உள்ள நரம்பெல்லாம் போய்விடும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் குறைத்து, உள்ளே விழும் வெளிச்சத்தைப் பாதியாக்கியிருந்தால் தப்பியிருக்கும். குடை நிழலில் எடுத்த ஒரே ஒரு படம் மட்டும் தேறியது. அதில் பத்து மகரந்தத் தாள்களையும் எண்ணலாம். மூன்று மட்டும் நீளமாக, தூண்டில் முள் மாதிரி வளைந்திருக்கின்றன. இத்தனை வருஷமாக இந்தப் பூவைப் பார்த்தும் இதைக் கவனித்ததில்லை.

மேலே காபிப் பூ முடிந்துவிட்டது. முதல் கோடை மழைக்கு அப்புறம் சில நாளில் பூத்து, இரண்டு மூன்று நாளில் கருகிவிடுகிற பூவுக்கு நான் ஞாயிற்றுக்கிழமை பார்த்துப் போனால் எப்படி? சில்வர் ஓக் மட்டும் ஏமாற்றவில்லை. உச்சியில் பூக்கிற பூ, நிமிர்ந்து பார்த்தால் ஆரஞ்சுப் புகைதான் தெரியும். முந்தின ராத்திரி காற்றில் ஒரு கிளை ஒடிந்து தோட்டத்து வேலியில் விழுந்திருந்தது. பக்கத்தில் போய்ப் பார்த்தால் பூவெல்லாம் ஒரே பக்கம் நிற்கிறது, பல் தேய்க்கும் பிரஷ் மாதிரி. அதன்மேல் எறும்பு வரிசை.

உண்ணிப்பூவையும் எடுத்தேன், திட்டாதீர்கள். காட்டையே மூடுகிற செடிதான். ஆனால் ஒரே கொத்தில் நடுவில் மஞ்சள், ஓரத்தில் ரோஸ். மகரந்தம் சேர்ந்த பூ நிறம் மாறிவிடுமாம், பட்டாம்பூச்சி பெரும்பாலும் மஞ்சளைத்தான் தேடிப் போகும். கால் மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன், அப்படித்தான் நடந்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நாகலூர்ப் பக்கம் ஓர் ஓடைக்கரையில் வெள்ளைப் பூ பூத்த மரம் ஒன்று. பின்னணி மங்கலாகி, பூ மட்டும் துல்லியமாக விழுந்த நல்ல படம். பெயர்தான் தெரியவில்லை. இலை எதிரெதிராக இருந்ததா, மாறி மாறி இருந்ததா என்று கேட்பீர்கள். தெரியாது. பட்டை சொரசொரப்பா, வழவழப்பா? தெரியாது. முப்பத்தாறு படம் மட்டுமே உள்ள பிலிம் சுருளில் ஒரு மரத்துக்கு நான்கை நீங்கள் செலவழித்தபோது, முழு மரம், பட்டை, இலை, பூ என்று, நான் எவ்வளவு கிண்டல் செய்திருக்கிறேன்! என் கையில் கணக்கே இல்லாத கார்டு இருந்தும் பூவை மட்டும் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

வருகிற ஞாயிறு மறுபடியும் போகிறேன். அதற்குள் பூ உதிர்ந்திருக்கும். பட்டை அங்கேயேதான் இருக்கும். படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன், பார்த்து ஏதாவது தோன்றினால் அதற்குள் போன் பண்ணுங்கள்.

சித்திக்கு என் அன்பு.